பதிவேட்டில் ஏறாத கிரீஸ்

ராயபுரம்
2-5-1973, புதன்

சேசு மரி சூசை.

அம்புரோசுக்கு அத்தை சிலுவையம்மா எழுதுறது. மேல மாப்பிள்ளைன்னு போடச் சொன்னா மருமவ ஆலிஸ். போடல. என் பொண்ணு ஞானத்தை உனக்குக் கட்டிக் குடுத்து ஆறு வருசமா வாய் நெறைய மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்ட்டாச்சு. இனிமே நீ என் அண்ணன் மவன், அவ்ளோதான்.

என் புள்ளை செல்வநாதன் செத்த முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு, பந்தியில சோறு போட்டப்புறம் உன்னை எழுப்பி அனுப்பினேன். இலையில உட்கார்ந்தவனை எழுப்பலாமான்னு தெரு பூரா பேசுது. பேசட்டும். நான் வருத்தப்படல. உங்க சின்னம்மா உன் கல்யாணத்துல என் இலையில வெறும் மீன் தலையை வெச்சுட்டுப் போனாளே, அதையே நான் மறக்கல. இது அதைவிடப் பெரிசு.

ஏன் எழுப்பினேன்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வெக்கிறேன். ஏப்ரல் 24ந் தேதி ஃபாக்டரியில விசாரணை நடந்துதே, அதுல என்னா கேட்டாங்க, நீ என்னா சொன்னே, எல்லாத்தையும் யூனியன் கலீலுல்லா வந்து சொல்லிட்டாரு. "ரெண்டாம் நம்பர் ப்ளோயருக்கு ஆயில்மேன் செல்வநாதன் கிரீஸ் வெச்சாரா?"ன்னு கேட்டாங்க. நீ "தெரியாது"ன்னே. கிரீஸ் வெச்சா எழுதுற புஸ்தகத்துல மார்ச் பதினஞ்சாந் தேதி கட்டம் காலியா கீதாம். கிரீஸ் இல்லாம பேரிங் எரிஞ்சு, விசிறி ஒடஞ்சு, தகரத்தைப் பொளந்துகினு வந்து என் புள்ளையைக் கொன்னுச்சாம். அதனால அவன் சாவுக்கு அவனே காரணமாம். கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, "கடமையில் கவனக்குறைவு"ன்னு. அவனுக்குப் பக்கத்துல நின்னவன் ஒருத்தனுக்குக் கால் போச்சு. அவன் பொண்டாட்டி அடைக்கலமேரி கோயில் வாசல்ல, பூசைக்கு வந்த சனம் பூரா கேக்க, ஆலிஸைப் பார்த்து, "உன் புருசன் தூங்கினதுக்கு என் புருசன் கால் போச்சுடி"ன்னா. ஆலிஸ் அன்னிலிருந்து கோயிலுக்குப் போறதில்ல.

நான் மூணாங்கிளாஸ். உங்க புஸ்தகம் எனக்குத் தெரியாது. ஆனா என் புள்ளை சட்டையை நான் தொவைச்சேன். கிரீஸ் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கணும். மார்ச் ஏழு, சாம்பல் புதன், நெத்தியில சாம்பலும் முழங்கை வரைக்கும் கிரீஸுமா வந்தான். அப்பால பதினாலு, கோயில்ல சேசுசபை சாமியார் பிரசங்கம் வெச்ச நாள். பதினெட்டு, ஞாயித்துக்கிழமை. இருபத்திரெண்டு, அவன் சின்னப் பொண்ணுக்கு அம்மைன்னு பயந்த நாள். இருபத்தஞ்சு, மங்கள வார்த்தைத் திருநாள், புதுச் சட்டையைக் கலீஜ் பண்ணிக்கினு வந்தான்னு திட்டினேன். அப்பால இருபத்தேழு. ஆறு சட்டை. ஒரு மாசத்துக்கு ஒரு வாட்டி வெக்கிற கிரீஸை என் புள்ளை ஆறு வாட்டி வெச்சிருக்கான். வெக்கலன்னு எழுதியிருக்காங்க.

நீ அந்தப் பெட்டியைக் காதுல மாட்டிக்கினு ஒவ்வொரு மெஷின் சத்தத்தையும் நின்னு கேக்குறவன். அவன் பக்கத்துலயே இருந்தவன். உனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?

கடைசி விசாரணை ஜூன் 18ன்னு கலீலுல்லா சொன்னாரு. அதுக்குள்ள எனக்கு பதில் வேணும்.

சிலுவையம்மாள்


எண்ணூர் குவார்ட்டர்ஸ்
9-5-1973

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞானம் படித்துவிட்டு அழுதாள். அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது என்பதை நினைவில் வைத்து எழுதினால் நல்லது. போன வாரம் கலீலுல்லாவிடம் கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அது அழுகிப்போயிற்று. குழந்தைகளுக்காகத்தான் அனுப்பினேன்.

பந்தியில் எழுப்பியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விசாரணையில் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியும். கிரீஸ் வைத்தால் புத்தகத்தில் எழுத வேண்டும், ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு டின் வாங்க வேண்டும். இரண்டும் இல்லை. இல்லாததை நான் எப்படி இருக்கிறது என்பது? என் வேலை மெஷின்களின் சத்தத்தைக் கேட்டு நோட்டில் எழுதுவது. கிரீஸ் என் வேலை இல்லை. சட்டையில் கிரீஸ் எப்படி வேண்டுமானாலும் ஒட்டும்.

அந்தப் பெட்டி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. என்னைத் தவிர அதைத் தொடுகிறவர் யாருமில்லை. என் பேச்சை நம்புகிறவர்களும் அதிகமில்லை. ஒரு தடவை வாய் திறந்து பட்டது போதும் என்று இருக்கிறேன்.

செல்வநாதன் எனக்கும் வேண்டியவன்தான், அத்தை. என் அம்மா செத்த பிறகு நானும் அவனும் உங்கள் வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அம்புரோஸ்


ராயபுரம்
12-5-1973

அம்புரோசு,

வக்கீல் மாதிரி எழுதியிருக்கே. எங்க வூட்டு சோறு தின்னு வளர்ந்த வாயில இந்தப் பேச்சு எப்ப வந்துச்சு?

உனக்கு ஏழு மாசத்துல உங்கம்மா செத்தா. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவன். ரெண்டு பேருக்கும் பால் குடுத்தேன். நீ பொய் சொன்னா கீழ் உதட்டைக் கடிப்பே. கடிதாசியிலகூட எனக்குத் தெரியுது.

சட்டையில எப்பிடி வேணா ஒட்டுமா? சரி. மார்ச் பதினெட்டு, ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசை. சாமியார் பிரசங்கம் ஆரம்பிக்கலை. நீ சைக்கிள்ல வந்து கோயில் வாசல்ல நின்னே. செல்வம் எழுந்து வெளிய வந்தான். நான் பொம்பளைங்க பக்கம் கடைசி பெஞ்சு, கதவோரம். நீ என்னைப் பார்க்கலை. "மறுபடி கத்துது மச்சான், நாலு அமுக்கு வெச்சுட்டு வந்துடு, ஒருத்தனுக்கும் தெரிய வேணாம்"னே. அவன் "பூசை முடிஞ்சதும் போறேன்டா"ன்னான். "இல்ல, இப்பவே"ன்னே. நற்கருணை வாங்காம சைக்கிள் பின்னாடி உட்கார்ந்து போனான். தவக்காலத்துல ஞாயித்துக்கிழமை பூசையைப் பாதியில உட்டுட்டுப் போறானேன்னு அன்னிக்குப் பூரா நான் அவங்கூடப் பேசலை. அதுக்கு இப்ப அழுவுறேன்.

என்னா நாலு அமுக்கு? எது கத்துச்சு? ஏன் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது?

வக்கீல் கடிதாசி இன்னொண்ணு வந்தா, இதே கேள்வியை உன் ஃபாக்டரி கேட்ல நின்னு கேப்பேன். நான் செய்வேன்னு உனக்குத் தெரியும்.

சிலுவையம்மாள்


எண்ணூர்
22-5-1973

அத்தை,

பத்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

உங்கள் தேதிகள் சரி. ஆறும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை.

மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்று இருக்கிறது. நாய்க்குக் கேட்கும், வௌவாலுக்குக் கேட்கும். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது முதலில் அந்த உயரத்தில்தான் சத்தம் போடும். நம் காதுக்கு அது கேட்கிற நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்தப் பெட்டி அதைக் கீழே இறக்கி நமக்குக் கேட்கிற மாதிரி தருகிறது. கம்பியை பேரிங் மேல் வைத்து, காதில் மாட்டிக்கொண்டு நின்றால், நல்ல பேரிங் தூறல் மாதிரி சீராக இருக்கும். கெட்டது கடுகு தாளிக்கிற மாதிரி வெடிக்கும்.

ஜனவரியில் ஒண்ணாம் நம்பர் ப்ளோயரில் கடுகு வெடித்தது. பாய்லருக்குக் காற்று ஊதுகிற பெரிய விசிறிகள் இரண்டு, அதில் ஒன்று. எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க மெஷினை நிறுத்தித் திறந்தார்கள். பேரிங் புதுசு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு வால்வில் நீராவி கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் பெட்டிக்குள் புகுந்ததை நான் பேரிங் என்று நினைத்துவிட்டேன். பெரிய இன்ஜினீயர் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "அம்புரோஸ், உன் காதுல இன்னா சாமி வந்து பேசுதா? அடுத்த வாட்டி பூசாரியைக் கூட்டிட்டு வா" என்றார். அன்றிலிருந்து கேன்டீனில் எனக்குப் பேர் சாமிக்காது. டீ ஊற்றுகிறவன்கூட, "சாமிக்காது, எத்தினி டீ?" என்றுதான் கேட்பான். மச்சான் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை.

மார்ச் ஆறாம் தேதி ரெண்டாம் நம்பரில் அதே சத்தம் கேட்டது. இந்தத் தடவை பக்கத்தில் எந்தக் கசிவும் இல்லை. எழுதக் கை வரவில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி வருஷாந்தர ஷட்டவுன், அன்றைக்கு எல்லா மெஷினையும் எப்படியும் திறப்பார்கள். அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தேன். மச்சானிடம் சொன்னேன். "இவ்ளோதானே, கிரீஸ் வெச்சா அடங்குமா?" என்றான். மறுநாள் கிரீஸ் பம்பை நாலு அமுக்கு அமுக்கி வைத்தான். அடங்கியது. நான் நோட்டில் "சரி" என்று எழுதினேன்.

ஸ்டோரில் டின் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று, பம்ப் ஹவுஸில் கிடந்த கிரீஸை எடுத்தோம். பதினைந்தாம் தேதி அவன் முறைப்படி வைக்க வேண்டிய நாள். பதினாலாம் தேதிதான் வைத்திருந்தோம். மறுநாளே மேலும் வைத்தால் சூடேறும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அதனால்தான் அந்தக் கட்டம் காலி. அவன் மறந்து விட்ட கட்டம் இல்லை அது. நான் விடச் சொன்ன கட்டம்.

கிரீஸ் சத்தத்தைத்தான் அடக்கியது. உள்ளே பேரிங் உருளை செதில் செதிலாய்ப் பெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முதல் தடவை ஏழு நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் நாலு நாள். அப்புறம் மூன்று, இரண்டு. அடங்கிய சத்தம் சீக்கிரம் திரும்பி வந்தால் மெஷினை நிறுத்து என்று பெட்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்.

மார்ச் 29ந் தேதி அவனுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து, கை கழுவிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். நான் அப்போதுதான் கேட்டுவிட்டு வந்திருந்தேன். மறுபடி வெடித்தது. "மச்சான், போறதுக்கு முன்ன ஒரு நாலு அமுக்கு" என்றேன். அலுத்துக்கொள்ளாமல் டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். விசிறி உடைந்த சத்தம் கேட்டபோது அது என் கையில்தான் இருந்தது.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. விசாரணையில் ஏன் தெரியாது என்றேன் என்று நீங்கள் கேட்க வேண்டாம். ஞானத்துக்கு இதெல்லாம் நேற்றுத்தான் சொன்னேன்.

அம்புரோஸ்


ராயபுரம்
31-5-1973, ஆண்டவர் மோட்சத்துக்கு ஏறின திருநாள்

அம்புரோசு,

உன் கடிதாசியை அஞ்சு வாட்டி படிச்சேன். ஆலிஸ் கேட்டா, "யாருக்கு இன்னா ஆச்சு அத்தே?"ன்னு. நான் சொல்லலை. அவ புருசன் சாவுறதுக்கு முன்ன கை கழுவிட்டு வூட்டுக்குக் கெளம்பினவன்னு நான் எந்த வாயால சொல்றது?

திங்கட்கிழமை ஞானம் வந்தா. பஸ்ல, அந்த வயித்தோட, தனியா. உள்ள வந்ததும் என் காலைப் புடிச்சிக்கினா. நடந்ததை அப்பிடியே எழுதுறேன்.

"யம்மா, அந்தக் கடிதாசியை யார்கிட்டயும் குடுத்துடாதே. அவருக்கு வேலை போயிடும். போலீசு கேசுன்னு வந்தா ஜெயில்ல போட்டுடுவாங்களாம்."

நான், "செத்தவன் யாருடி? உங்கூடப் பொறந்தவன்டி"ன்னேன்.

"அண்ணன் திரும்பி வருமா யம்மா? இவரு இருக்காரு இல்ல? இவருக்குத்தானே பொறக்கப் போவுது?"

"ஆலிஸ் புள்ளைங்களுக்கு அப்பன் பேரு வேணாமா? தூங்கு மூஞ்சின்னு எழுதி வெச்சிருக்கான் கேட்ல. பெரியவனை ஸ்கூல்ல தெனம் அதைச் சொல்லித்தான் கூப்புடுறாங்க."

அவ என் காலை உட்டுட்டு எழுந்தா. அப்பால, "நீ எப்பவும் அண்ணன் கட்சிதான்"னா. இருபத்தஞ்சு வருசத்துல இதை அவ எங்கிட்ட சொன்னதில்லை. மனசுல வெச்சிக்கினு இருந்திருக்கா. எங்கிட்டேயிருந்துதான் இந்தக் குணம் வந்திருக்கும்.

ஏழாம் மாசம் ஆரம்பிச்சுடுச்சு, இனிமே இங்கியே இருன்னு சொல்லிட்டேன். வளைகாப்புக்கு வளையல்காரனுக்கும் சொல்லலை, சொந்தக்காரங்களுக்கும் சொல்லலை. துக்க வூடு.

மறுநா கலீலுல்லா வந்தாரு. "பெரியம்மா, ஏதோ கடிதாசி வந்ததாச் சொல்றாங்க. இருந்தா குடுங்க, பதினெட்டாந் தேதி நான் வெச்சுடறேன்"னாரு. நல்ல மனுசன். செல்வத்தோட தோஸ்து. கடிதாசி என் முந்தானையில முடிஞ்சிருந்துச்சு. "இல்ல நைனா, ஒண்ணுமில்ல"ன்னு சொன்னேன். பாவம். நானும் உன்னை மாதிரி "தெரியாது"ன்னு சொன்ன ஒரு நாள் அது.

அம்புரோசு, உன் கடிதாசி இதுக்குள்ள வெச்சிருக்கேன், திருப்பி எடுத்துக்கோ. நான் குடுத்தா என் பொண்ணு வயித்துல நானே அடிச்ச மாதிரி. குடுக்காம வெச்சிக்கினா செத்தவன் தலைமாட்டுல நின்னு பொய் சொன்ன மாதிரி. ரெண்டையும் என் தலையில போடாதே. செஞ்சவன் நீ. பதினெட்டாந் தேதி நீ போ. உன் வாயால சொல்லு, இல்ல சொல்லாத. நான் ஃபாக்டரி கேட்டுக்கு வர மாட்டேன். யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஆனா ஒண்ணு. நீ சொல்லலைன்னா, ஞானத்தைப் பார்க்கன்னு இந்தப் படி ஏறாதே. நான் செத்தப்புறமும் ஏறாதே.

சிலுவையம்மாள்


எண்ணூர்
19-6-1973

அத்தை,

சொல்லிவிட்டேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய இன்ஜினீயர் நடுவில். முதலில் கால் போன மனிதரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய இன்ஜினீயர்தான் கேட்டார்.

"புதுசா ஏதாவது சொல்ல இருக்கா?"

"இருக்கு சார். செல்வநாதன் கிரீஸ் வெச்சார். மார்ச் மாசத்துல ஆறு தடவை. நான் சொல்லி வெச்சார்."

"யார் உனக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் குடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

"பேரிங் கெட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"உன் நோட்டுல ஆறு இடத்துல 'சரி'ன்னு எழுதியிருக்கியே?"

"பொய்யா எழுதினேன் சார். ஜனவரியில ஆனதுக்கப்புறம் பயம்."

இதைச் சொன்னபோது அவர் குனிந்து ஏதோ எழுதினார். ஜனவரியில் பூசாரியைக் கூட்டி வா என்று அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தப்பை அவர் மேல் சாய்க்கிற மாதிரி இருக்கும் என்று பட்டது. வெளியே வந்த பிறகு கலீலுல்லா, "அதைத்தான்யா மொதல்ல சொல்லியிருக்கணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் டைப் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பெட்டியை வாங்கிக்கொண்டு சஸ்பெண்ட் செய்தார்கள். போகும்போது அதை எங்கே வைப்பார்கள் என்று பார்த்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இனி ரெண்டு ப்ளோயரையும் யாரும் கேட்கப்போவதில்லை. புதுசாய்ப் போட்ட ரெண்டாம் நம்பர் இருக்கட்டும். ஒண்ணாம் நம்பர் பழசு.

முடிவு இரண்டு மாதத்தில் வரும் என்கிறார்கள். ஞானம் எப்படி இருக்கிறாள்? அவளிடம் நானே வந்து சொல்லட்டுமா?

அம்புரோஸ்


ராயபுரம்
23-6-1973

அம்புரோசு,

நீ வர வேணாம். நானே சொல்லிட்டேன். ரெண்டு நாளா சாப்பிடலை. நேத்து சாப்ட்டா. அதுக்கு மேல என்னைக் கேக்காதே.

ஆலிஸ்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன், கை கழுவினது வரைக்கும். அவ கத்துவான்னு நெனச்சேன். உட்கார்ந்து அரிசியில கல்லு பொறுக்கினா. மொறத்தைக் கீழ வெச்சுட்டு, "அன்னிக்கு டிபன் பாக்ஸ் காலியா வந்துச்சா அத்தே?"ன்னு கேட்டா. எனக்கு நெனவு இல்லை. எல்லாத்தையும் நெனப்பு வெச்சிக்கினு இருக்கிற எனக்கு அது மட்டும் நெனவு இல்லை.

சிலுவையம்மாள்


ராயபுரம்
14-8-1973

அம்புரோசுக்கு,

உனக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்திருக்கு. நேத்து காலைல ஆறரைக்கு. தாயும் சேயும் நல்லா கீறாங்க. ராயபுரம் ஆஸ்பத்திரி, எட்டாம் நம்பர் கட்டில். சாயந்தரம் நாலுலருந்து ஆறு வரைக்கும் பார்க்கலாம். அந்த நேரத்துல நான் வூட்டுக்குச் சமைக்கப் போயிடுவேன்.

சிலுவையம்மாள்


திருவொற்றியூர்
1-9-1973

அன்புள்ள அத்தைக்கு,

மேலே உள்ள விலாசம் புதிது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டேன். கலீலுல்லாவின் சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை. கீழே லேத் பட்டறை, அதிலேயே வேலை. பகலெல்லாம் இரும்பு சீவுகிற சத்தம். பெட்டி இல்லாமலே கேட்கும்.

முடிவு வந்துவிட்டது. கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். கலீலுல்லா தமிழில் எழுதித் தந்ததை அப்படியே தருகிறேன்:

"29-3-1973 விபத்துக்குக் காரணம், மேலதிகாரியின் உத்தரவு இல்லாமலும் பதிவேட்டில் எழுதாமலும் ஆயில்மேன் செல்வநாதன் பேரிங்குக்குப் பலமுறை கிரீஸ் வைத்ததும், பரிசோதகர் அம்புரோஸ் பழுதை மறைத்ததும் ஆகும். அம்புரோஸ் பணிநீக்கம் செய்யப்படுகிறார்."

நான் சொன்னதால் அவன் பெயர் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். என் பெயரோடு சேர்த்து அவன் பெயரையும் எழுதிவிட்டார்கள். கேஸ் போட்டால் மாற்றலாம் என்கிறார் கலீலுல்லா. வருஷக் கணக்கில் ஆகும். நான் போடுகிறேன் அத்தை. மச்சான் உத்தரவு இல்லாமல் செய்யவில்லை; என் உத்தரவில் செய்தான் என்று சொல்லுவேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்தேன். மூன்று நாளும் போனேன். நீங்கள் சொன்ன நேரத்துக்குத்தான் போனேன். ஒரு நாள் நீங்கள் வாசலில் நின்றது தெரிந்தது.

ஞானஸ்நானம் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று ஞானம் சொன்னாள். கோயிலுக்கு நான் வரலாமா? அப்புறம் இன்னொன்று. குழந்தைக்கு செல்வநாதன் என்று வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஞானத்துக்கும்தான். நீங்கள் சரி என்றால்தான். எனக்கு வேறு எப்படி அவனை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்புரோஸ்


ராயபுரம்
5-9-1973

சேசு மரி சூசை.

அம்புரோசு,

கேட்ல ஒட்டினதை நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். எண்ணூர் ரயில்ல ஏறி, எறங்கி, நடந்து. நோட்டீஸ் இங்கிலீசு; என் கண்ணால எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னு கலீலுல்லா எழுதிக் குடுத்த தமிழ்த் தாளையும் கையில புடிச்சிக்கினு போனேன். வாட்ச்மேன், "என்னா பெரியம்மா, வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு நெனச்சியா?"ன்னு கிண்டல் பண்ணான். செல்வநாதன் அம்மான்னேன். அப்பால ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

உனக்கு அது தோத்த மாதிரி தெரியுது. எனக்கு அப்பிடி இல்லை. மொதல்ல இன்னா எழுதியிருந்தான்? கவனக்குறைவு, வேலை செய்யலைன்னு. இப்ப இன்னா எழுதியிருக்கான்? "பலமுறை கிரீஸ் வைத்ததும்." பலமுறை. அந்த வார்த்தையை நான் விரலை வெச்சு மூணு வாட்டி படிச்சேன். என் புள்ளை தூங்கலை. வேலை செஞ்சான். செய்யக் கூடாத நேரத்துல செஞ்சான், வூட்டுக்கு வர வேண்டிய நேரத்துல செஞ்சான், அது வேற. கேஸ் போடுறதுன்னா போடு, நான் வேணாங்கலை. ஆனா எனக்கு இது போதும்.

ஞாயித்துக்கிழமை ஆலிஸ் மறுபடி கோயிலுக்கு வந்தா. அடைக்கலமேரியும் வந்தா. ஆலிஸ் பக்கத்துல உட்கார்ந்தா. மன்னிப்பும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலை. ஆலிஸ் கையைப் புடிச்சிக்கினு பூசை முடியுற வரைக்கும் உட்டாப்பல இல்லை. வெளிய வந்தப்புறம் அவ புருசன் நாற்காலியை ஆலிஸ் பெரியவன் தள்ளிக்கினு போனான்.

ஒன்பதாந் தேதி கோயிலுக்கு வா. புள்ளைக்கு அப்பன் நீ. தொட்டித் தண்ணியாண்ட நீதான் நிக்கணும். அப்பால வூட்டுக்கும் வா. பந்தியில உட்கார வெச்சு நானே சோறு போடுவேன். எழுப்ப மாட்டேன். நீ விசாரணையில உண்மையைச் சொன்னதுக்கு அது.

பேரு மட்டும் வேணாம். ஞானம் கேட்டப்பவும் வேணாம்னு சொன்னேன், அழுதா. உனக்கு ஏன்னு சொல்றேன். புள்ளை வளருவான். நீ பட்டறையில இருந்து களைச்சு வருவே. "செல்வம், அதை எடுத்துக்கினு வா, செல்வம், ஓடிப் போய் இதைச் செஞ்சுட்டு வா"ன்னு தெனம் ஏவுவே. எல்லா அப்பனும் ஏவுறதுதான். அவன் ஓடுவான். நான் அந்த வூட்டு மூலையில உட்கார்ந்துகினு அதைக் கேக்கணும். உன் வாயால அந்தப் பேரைச் சொல்லி யாரையும் எங்கியும் அனுப்புறதை இன்னொரு வாட்டி என்னால கேக்க முடியாது.

புள்ளைக்கு வேற பேரு பாரு.

உன் அத்தை
சிலுவையம்மாள்